கவிழ்த்துப் பாருங்கள்

மாதிரி விமானம் செய்கிறவர்களின் கூட்டத்தில் ஒரு போர் விமானத்தை வைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, இந்தப் பச்சையை எப்படிக் கலந்தீர்கள் என்று பேச்சு நீளும். அதே மேசையில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு தீயணைப்பு விமானத்தை வையுங்கள். "அழகாக இருக்கிறது, பொம்மை மாதிரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த "பொம்மை மாதிரி" எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

தீயணைப்பு விமானத்தை மாதிரியாகச் செய்வது போர் விமானத்தைச் செய்வதைவிடக் கடினம் என்பது என் கருத்து. உருமறைப்பு வண்ணத்தில் தவறுகள் மறைந்துகொள்ளும். பளபளக்கும் மஞ்சளில் ஒரு கீறல்கூட மறையாது. இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. இந்த விமானத்தின் தொழில் முழுவதும் அதன் அடிவயிற்றில் நடக்கிறது. நாமோ மேற்புறத்தைப் பார்த்தே செய்கிறோம், மேற்புறத்தைப் பார்த்தே மதிப்பெண் போடுகிறோம். என் முறை வேறு. யாராவது ஒரு தீயணைப்பு விமானத்தைக் காட்டினால், முதலில் கவிழ்த்துக் காட்டுங்கள் என்று கேட்பேன்.

கனடாவில் பிறந்த கனடேர் சிஎல்-415 என்ற தீயணைப்பு விமானத்தை எடுத்துக்கொள்வோம். இதன் மூத்த வடிவமான சிஎல்-215 முதன்முதலில் பறந்தது 1967-இல். தீயணைப்புக்கென்றே வரைந்து கட்டப்பட்ட, நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய விமானம் அது. பிஸ்டன் இயந்திரங்களுக்குப் பதிலாக டர்போபிராப் (விசிறியைச் சுழற்றும் டர்பைன் இயந்திரம்) பொருத்திய 415, 1993 டிசம்பரில் பறந்தது. ஏரியின் மீதோ கடலின் மீதோ தாழ்ந்து வந்து, நிற்காமல், நீர்ப்பரப்பை உரசியபடியே ஓடி, 12 விநாடிகளில் 6,000 லிட்டருக்கு மேல் தண்ணீரை மொண்டுகொண்டு எழும்பிவிடும். அதற்கு நீரில் ஓடும் தூரம் ஏறத்தாழ 410 மீட்டர். பம்ப் எதுவும் கிடையாது. அடியில் நீட்டிக்கொள்ளும் இரண்டு சிறிய மொள்ளுகுழாய்கள் வழியாக, விமானத்தின் வேகமே தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளிவிடுகிறது.

இதை 1/72 அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். 28.6 மீட்டர் இறக்கை அகலம் 40 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. கன அளவு 72 × 72 × 72 மடங்கு சுருங்குவதால், ஆறு டன் தண்ணீர் வெறும் 16 மில்லிலிட்டர். மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேல். கையில் இருக்கும் மாதிரியின் வயிற்றைத் தடவிக்கொண்டே இதை நினைத்துப் பாருங்கள். அந்த வயிற்றின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வேலை இருப்பது புரியும்.

அடிப்பகுதியின் நடுவில் குறுக்காக ஒரு படி இருக்கும். படகுபோன்ற உடலைத் தண்ணீர் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளாமல், காற்று புகுந்து விடுவிப்பதற்காக வைத்த படி அது. அதன் விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தாக வேண்டும். பெரும்பாலான மாதிரிகளில் அந்த விளிம்பு மழுங்கிப் போயிருக்கும். காரணம், உடலின் இரண்டு பாதிகளும் சேரும் ஒட்டு அதைக் கடந்துதான் போகிறது. ஒட்டை மறைக்கப் பட்டி பார்த்து, உப்புத்தாளை நீளவாக்கில் இழுத்தால் விளிம்பும் கூடவே தேய்ந்துவிடும். படிக்கு முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாகத் தேய்க்க வேண்டும். விளிம்பின்மீது இரண்டு மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக் காப்பாற்ற வேண்டும். மழுங்கியே போனால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் ஒரு கீற்று வெட்டி ஒட்டி, விளிம்பை மறுபடி உருவாக்கலாம். ஒரு மாலை முழுவதும் பிடிக்கும் வேலைதான். செய்யுங்கள்.

தண்ணீரைக் கொட்டும் கதவுகளும் அங்கேதான் இருக்கின்றன. 215-இல் இரண்டு, 415-இல் நான்கு. இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் சிறகுகளையும் வாலில் கூடுதலாக உள்ள செங்குத்துத் தகடுகளையும் வைத்து இரண்டையும் பிரித்தறிகிறவர்கள், கதவு எண்ணிக்கையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 215 கிட்டை, அதாவது பெட்டியில் வரும் பாகங்களின் தொகுப்பை, 415-ஆக மாற்றுகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதவுக் கோடுகளை ஆழமாகக் கீறுங்கள். மற்ற தகட்டு இணைப்புக் கோடுகளும் கதவுக் கோடுகளும் ஒரே மாதிரி தெரிந்தால், அது திறக்கும் கதவாகவே தோன்றாது.

காக்பிட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சக்கரத்தில் நிறுத்துவதாக இருந்தால் மூக்கில் போதிய எடை வையுங்கள், இல்லையென்றால் வால் தரையில் உட்கார்ந்துவிடும்.

இனி மஞ்சள். வண்ணங்களிலேயே அதிகப் பொறுமை கேட்பது இதுதான். மஞ்சள் நிறமிகளில் பலவற்றுக்கு மூடும் சக்தி குறைவு. அடியில் என்ன இருக்கிறதோ அது மேலே தெரிந்துவிடும். சாம்பல் நிற அடிப்பூச்சின்மேல் அடித்தால் மஞ்சள் பச்சை தட்டும். பட்டி வைத்த இடம் ஒரு நிழலாகத் தெரியும். அதை மூடுகிறேன் என்று மேலும் மேலும் அடித்தால் பூச்சு தடித்துக் கோடுகள் எல்லாம் நிரம்பிப்போகும். பூச்சின் தடிமனுக்கும் அளவு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமனான பூச்சு, உண்மையான விமானத்தில் ஏழு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். எந்த விமானத்துக்கும் யாரும் அப்படிப் பெயின்ட் அடிப்பதில்லை.

ஆகவே மஞ்சளைத் தீர்மானிப்பது அடிப்பூச்சுதான். வெள்ளை அடிப்பூச்சு கொடுத்தால் மஞ்சள் குளிர்ச்சியாக, எலுமிச்சைப் பக்கம் சாயும். வெளிர் இளஞ்சிவப்பு கொடுத்தால் கதகதப்பான, ஆழமான மஞ்சள் வரும். தீயணைப்பு விமானத்துக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பேன். புகைக்கும் காட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பளிச்சென்று கண்ணில் படுவதற்காகத் தேர்ந்தெடுத்த வண்ணம் அது. தரையில் நிற்கும் தீயணைப்பு வீரரும், பின்னால் வரும் அடுத்த விமானியும் நொடியில் அடையாளம் காண வேண்டும். வெளிறிய மஞ்சள் அந்த வேலையைச் செய்யாது. ஏர்பிரஷ்ஷில் நன்றாக நீர்த்த பெயின்ட்டைப் பனிபோல் பல தடவை அடித்து, ஒவ்வொரு தடவையும் உலர விடுங்கள். முதல் இரண்டு தடவை பார்க்கவே சகிக்காது. அப்போது அவசரப்பட்டு ஈரமாக அடித்தால் ஓரங்களில் பெயின்ட் விலகி, மூலைகளில் தேங்கிவிடும்.

சிவப்பை மஞ்சளுக்குப் பிறகுதான் அடிக்க வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டியதும் நேராகச் சிவப்புக்குப் போகாமல், டேப்பின் விளிம்பில் முதலில் அதே மஞ்சளை மெல்லியதாக ஒரு முறை அடியுங்கள். இடுக்குகளை மஞ்சளே அடைத்துவிடுவதால், பிறகு வரும் சிவப்பு கசியாது. சிறிய மாதிரிக்காகச் சிவப்பைச் சற்று வெளிறச் செய்ய விரும்பினால் வெள்ளையைக் கலக்காதீர்கள், இளஞ்சிவப்பாகிவிடும். ஒரு துளி ஆரஞ்சு போதும். கிட்டில் வரும் சிவப்புப் பட்டை டெக்கால்களை (நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படங்களை) நான் பயன்படுத்துவதில்லை. வளைந்த உடலில் அவை சுருங்கும். மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும் கோடு சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி அழுக்கு. எனக்கு உண்மையாகவே கோபம் வருவதும் இங்கேதான். போர் டாங்கிக்குச் செய்யும் அதே வேலையை இந்த விமானத்துக்கும் செய்கிறார்கள். எல்லாத் தகட்டுக் கோட்டிலும் கறுப்பு, எல்லா மூலையிலும் துரு. கனடேரின் உடல் அலுமினியம். அலுமினியம் செந்நிறமாகத் துருப்பிடிக்காது. படகு உடலில் வழியும் செம்பழுப்புக் கோடுகள் பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் பொய். கடலில் மொள்ளும் விமானத்தில் படிவது உப்பு. வெண்சாம்பல் நிறத்தில், தண்ணீர் தெறித்துப் பின்னோக்கி ஓடிய திசையில், மெல்லிய திரையாக இருக்கும். அதுவும் ஓரளவுக்குத்தான், ஏனென்றால் உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருப்பார்கள். தொட்டியில் நுரைத் திரவம் கலப்பதும் உண்டு. கதவு விளிம்புகளுக்குப் பின்னால் அதன் தடம் தேடலாம்.

சிவப்புக் கறை வேண்டுமென்றால் அதற்குரிய விமானம் வேறு. ஓடுதளத்திலிருந்து தீத்தடுப்பு ரசாயனம் ஏற்றிச் செல்லும் விமானங்கள் இருக்கின்றன. அந்தக் கரைசலில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட். எங்கே கொட்டினோம் என்று மேலிருந்து தெரிவதற்காகவே அதில் செந்நிறம் சேர்க்கிறார்கள், பல வகைகளில் இரும்பு ஆக்சைடு. அந்த விமானங்களின் வயிறு, கதவுகளில் தொடங்கி வால்வரை சிவந்து கிடக்கும். கறை கதவின் பின்விளிம்பில் அடர்த்தியாகத் தொடங்கிப் போகப்போக மங்க வேண்டும். மூக்கில் சிவப்புக் கறை தெளித்த மாதிரிகளைப் பார்க்கும்போது, கொட்டிய திரவம் விமானத்தை முந்திக்கொண்டு எப்படிப் போனது என்று கேட்கத் தோன்றுகிறது.

இயந்திரக் கறையும் அப்படித்தான். 215-இல் இருப்பவை 18 சிலிண்டர் கொண்ட ஆர்-2800 பிஸ்டன் இயந்திரங்கள். எண்ணெய்க் கசிவும் புகைக்கரியும் அதற்குப் பொருந்தும். 415-இன் டர்போபிராப்புக்கு அதே அளவு கரியைப் பூசினால் இயந்திரத்தையே மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். அழுக்குக்கு ஒரு காரணம் சொல்ல முடியவில்லை என்றால், அந்த அழுக்கை வைக்காதீர்கள்.

போர் விமானக் கிட்களை அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. உங்களிடம் ஏற்கெனவே தீயணைப்பு விமானங்கள் இருக்கின்றன. 1955-இல் கலிபோர்னியாவின் வில்லோஸில், விவசாயத்துக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டியர்மேன் விமானத்தில் தொட்டி பொருத்திக் காட்டுத்தீயின்மேல் தண்ணீர் கொட்டினார்கள். அதன்பிறகு, இரண்டாம் உலகப்போர் முடிந்து வேலையற்று நின்ற அவெஞ்சர், கேட்டலினா, பி-17 போன்ற படை விமானங்கள் எல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்தன. அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டிய, 61 மீட்டர் இறக்கை கொண்ட மார்ட்டின் மார்ஸ் என்ற பறக்கும் படகு, கனடாவில் ஒரே முறையில் 27,000 லிட்டர் சுமந்து தீயணைத்தது. அந்த வகையில் ஹவாய் மார்ஸ் என்ற பெயருள்ள விமானம் 2024 ஆகஸ்டில்தான் அருங்காட்சியகத்துக்குப் பறந்து போனது. குண்டறையைத் தொட்டியாக மாற்றுவது, துப்பாக்கிக் கூண்டை அகற்றித் தகடு போட்டு மூடுவது, வால்மேல் பெரிய எண் எழுதுவது என்று கிட்டில் செய்யவும் எத்தனையோ வேலை இருக்கிறது.

அந்தப் பழைய விமானங்கள் விலையும் கேட்டன. 2002 ஜூனில் கலிபோர்னியாவில் சி-130ஏ என்ற பழைய ராணுவச் சரக்கு விமானம் ஒன்று, ஜூலையில் கொலராடோவில் பிபி4ஒய் பிரைவட்டீர் என்ற பழைய கடற்படை விமானம் ஒன்று விழுந்தன. இரண்டிலும் உலோகக் களைப்பால் விரிசல் விட்டு, பறக்கும்போதே இறக்கை முறிந்தது. இரண்டிலும் சேர்த்து ஐந்து பேர் இறந்தார்கள். 2023 ஜூலை 25 அன்று கிரேக்கத்தின் எவியா தீவில் தண்ணீர் கொட்டிய சற்று நேரத்தில் ஒரு சிஎல்-215 விழுந்து அதன் இரு விமானிகளும் உயிரிழந்தார்கள்.

அதனால் டெக்கால் தாளில் இருக்கும் பதிவெண்ணை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு எண்ணும் ஒரு குறிப்பிட்ட விமானம், அதை ஓட்டிய மனிதர்கள். எந்த எண்ணை ஒட்டப் போகிறோம் என்பதைக் கிட்டைப் பிரிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவேன். அந்த எண்ணுள்ள விமானத்தின் படங்களைத் தேடி எடுத்து, அதில் எந்தக் கதவில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, எந்தத் தகடு புதிதாக மாற்றப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். விழுந்த விமானத்தின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால், அது பறந்த நாள்களில் இருந்தபடியே செய்ய வேண்டும். சிதைவைக் காட்சிப்பொருளாக்கும் மாதிரிகளை என்னால் ஏற்க முடியவில்லை.

காட்சிக்கு வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கொட்டும் காட்சியைப் பஞ்சிலும் தெளிவான ஜெல்லிலும் பலர் அழகாகச் செய்கிறார்கள். ஆனால் விமானத்தை மரங்களின் உச்சியிலேயே ஒட்டிவைத்துவிடுகிறார்கள். இவை பொதுவாகத் தண்ணீரை விடும் உயரம் 30 மீட்டர் அளவில். 1/72-இல் அது ஏறத்தாழ 42 சென்டிமீட்டர், அதாவது மாதிரியின் இறக்கை அகலத்தைவிடச் சற்று அதிகம். கொட்டிய தண்ணீர் முதலில் கனமான ஒரே திரளாக இறங்கி, பிறகு காற்றில் கிழிந்து, பின்புறம் மழையாகச் சிதறுகிறது. அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்க அந்த 42 சென்டிமீட்டரும் தேவை. பெட்டியில் அவ்வளவு இடம் இல்லையென்றால் காட்டையும் தண்ணீரையும் விட்டுவிடுங்கள். சக்கரங்களை மடக்கி, ஒரு தண்டின்மேல் கண் மட்டத்துக்கும் மேலே உயர்த்தி, சற்றே ஒருபக்கம் சாய்த்து வையுங்கள். பார்க்க வருகிறவர் அடியிலிருந்து நிமிர்ந்து பார்க்கட்டும். நீங்கள் காப்பாற்றிய படியின் விளிம்பும் கதவுகளும் உப்புத் தடமும் அப்போது அவர் கண்ணில் படும்.