கமிஷன் வாங்குகிறேன், ஆமாம்

நம்ம ஊர் குரூப்பில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்களைப் பற்றி ஒரு பதிவு போட்டு ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இனி தேடிப் பிரயோஜனமில்லை, அட்மின் அந்தப் பதிவைத் தூக்கிவிட்டார். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எனக்கு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. "அக்கா, இதைப் பார்த்தீங்களா?" என்று அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பார்த்தேன். கீழே யார் யார் சிரிப்புப் பொம்மை போட்டார்கள், யார் யார் இதயக்குறி போட்டார்கள் என்பது வரைக்கும் பார்த்தேன்.

"போன்லயே அஞ்சு நிமிஷத்துல பாலிசி எடுக்கலாம், நடுவுல எதுக்கு ஒரு கமிஷன் புரோக்கர்?" இதுதான் அந்தப் பதிவில் பெங்களூர்த் தம்பி ஒருவர் கேட்டது. பெயர் போடவில்லை என்று இப்போது சொல்கிறார். அருப்புக்கோட்டையில் ஸ்கூட்டியில் பாலிசி பையோடு அலைகிற ஏஜென்ட் பொம்பளை யார் என்று கண்டுபிடிக்க ஊரில் யாருக்கும் பெயர் தேவையில்லை தம்பி.

கோபப்படாமல் பதில் எழுத வேண்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். எழுதுகிறேன்.

பாலிசி எடுப்பது அஞ்சு நிமிஷ வேலைதான். அதில் எனக்குச் சண்டையே இல்லை. பெங்களூரில் உட்கார்ந்து, சம்பளச் சீட்டும் பான் கார்டும் கையில் வைத்துக்கொண்டு எடுத்தால் மூணு நிமிஷத்தில்கூட முடியும். ஆனால் பாலிசி எடுப்பதா பெரிது? பணம் வாங்குவதுதான் பெரிது. அந்த வேலை நடக்கும்போது பாலிசி எடுத்தவர் இருக்க மாட்டார். அவர் போன் பூட்டிக் கிடக்கும், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. வீட்டில் அழுதுகொண்டிருக்கிற ஒரு அம்மாவும், என்ன கேட்டாலும் "தெரியலையே" என்கிற ஒரு பிள்ளையும் மட்டும் இருப்பார்கள். உங்கள் ஐந்து நிமிடம் அங்கே போய் என்ன செய்யும்?

நடந்ததைச் சொல்கிறேன், பெயர் மட்டும் மாற்றி. விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர், நாற்கரச் சாலையில் பைக்கில் போகும்போது லாரி அடித்து இறந்துபோனார். என்னிடம் அவர் போட்டிருந்தது சின்ன பாலிசிதான். நாமினி, அதாவது அவருக்கு அப்புறம் பணம் வாங்க வேண்டியவர், மனைவி. பாலிசியில் "க. முத்துலட்சுமி" என்று இருந்தது, அது வீட்டுக்காரர் இனிஷியல். பேங்க் பாஸ்புக்கில் "ரா. முத்துலட்சுமி", அது அப்பா இனிஷியல். ஆதாரில் இனிஷியலே இல்லை, "முத்துலெட்சுமி" என்று மட்டும். ஒரே பொம்பளை, மூணு பெயர். நம்ம பக்கத்தில் லட்சுமி எது லெட்சுமி எது என்று யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? ஆனால் கம்ப்யூட்டர் பார்க்கும். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பும். நோட்டரியிடம் போய் மூணு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அஃபிடவிட் வாங்கி, எப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து, எங்கே கையெழுத்து எங்கே ரேகை என்று காட்டி, அந்தம்மா பேரில் பணம் ஏறுகிற வரைக்கும் அலைந்தது ஆப் இல்லை. நான்.

இன்னும் இருக்கிறது. கருமாதி முடிந்த அன்று இறந்தவரின் பாஸ்புக்கை வாங்கிப் புரட்டினேன், அக்கவுண்ட் நம்பர் எழுதிக்கொள்ளத்தான். மே மாதக் கடைசியில் ஒரு வரி, 436 ரூபாய் பற்று. அதன் கீழேயே இன்னொரு வரி, 20 ரூபாய். அந்தம்மாவிடம் கேட்டால், "அது பேங்க்ல என்னமோ வருஷா வருஷம் புடிப்பாக, அவுக திட்டிக்கிட்டே இருப்பாக" என்றது. 436 என்றால் பிரதமர் ஜீவன் ஜோதி திட்டம், எப்படி இறந்தாலும் 2 லட்சம். 20 என்றால் பிரதமர் சுரக்ஷா திட்டம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஆக நாலு லட்சம் ரூபாய் அந்தப் பாஸ்புக்கில் இரண்டு வரியாகக் கிடந்தது, வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பேங்கில் கேட்டதற்கு, "அப்படியா, விசாரிச்சுச் சொல்றோம்" என்றார்கள். விசாரிக்க வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு திட்டத்திலும் எனக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. நான் விற்ற பாலிசியும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, "ஒரு கதையைச் சொல்லி உருக்கப் பார்க்கிறீங்களா?" என்று ஒருத்தர் வருவார். வரட்டும். எனக்குத் தெரிந்த தொழிலை எனக்குத் தெரிந்த கதையில்தானே சொல்ல முடியும்.

சரி, கமிஷன். அதுதானே எல்லோர் கண்ணையும் உறுத்துகிறது. ரகசியம் ஒன்றும் இல்லை, சொல்கிறேன். வருஷம் 12,000 ரூபாய் பிரீமியம் கட்டுகிற ஒரு எண்டோமெண்ட் பாலிசி, அதாவது இறந்தாலும் பணம், காலம் முடிந்து உயிரோடு இருந்தாலும் பணம் வருகிற பாலிசி என்று வையுங்கள். ரொம்ப காலமாக இருந்த கணக்குப்படி முதல் வருஷம் 25 சதவீதம், அதாவது 3,000. அதற்கு மேல் போனஸ் கமிஷன் என்று ஒன்றும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் வருஷம் ஏழரை சதவீதம், 900. அப்புறம் 5 சதவீதம், 600. இப்போது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, ஆனாலும் விஷயம் இதுதான். 600 என்றால் மாசத்துக்கு 50 ரூபாய். அந்த 50 ரூபாய்க்குத்தான் பிரீமியம் தேதிக்கு முன்னால் போன் போடுகிறேன், அட்ரஸ் மாற்றித் தருகிறேன், லோன் பாரம் எழுதுகிறேன், நாமினி இறந்துபோனால் புது நாமினி போட வைக்கிறேன். நீங்கள் கட்டாமல் விட்டால் என் 50 ரூபாயும் போச்சு. உங்கள் பாலிசி உயிரோடு இருந்தால்தான் எனக்கும் சோறு.

போன் போட்டால் தொல்லை என்கிறார்கள். கட்ட வேண்டிய தேதிக்கு மேல் வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் கிரேஸ், அதாவது அவகாசம், மாசத் தவணைக்கு 15 நாள்தான். அதற்குள் கட்டாமல் விட்டால் பாலிசி லேப்ஸ், செத்துப்போன மாதிரி. அந்த நிலையில் ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், தொல்லை என்று சொன்ன அதே வாய், "ஏன் நீங்க ஞாபகப்படுத்தல?" என்று கேட்கும்.

இதில் ஒரு வேடிக்கை. கமிஷன் புரோக்கர் என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேர் பாலிசி போடும்போது கேட்கிற முதல் கேள்வியே, "முதல் பிரீமியத்தில் எவ்வளவு விட்டுத் தருவீங்க?" என்பதுதான். இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 41. கமிஷனில் பங்கு கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு, 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். இதைச் சொன்னால், "பக்கத்து ஊர் ஏஜென்ட் தர்றாரே" என்பார்கள். ஆக கமிஷன் கெட்டது இல்லை. எனக்கு வந்தால் கெட்டது, அவர்களுக்கு வந்தால் நல்லது.

அடுத்து ஏமாற்று ஏஜென்ட்கள். இருக்கிறார்கள். அஞ்சு வருஷத்தில் டபுள் என்று பொய் சொல்லி விற்றவன், சுகர் இருப்பதை மறைத்து எழுதினவன், பிரீமியக் காசை வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டவன், எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பேங்கில் நகைக்கடன் வைக்கப் போனவரிடம், லாக்கர் கேட்கப் போனவரிடம், "ஒரு பாலிசி போட்டாத்தான் ஆகும்" என்று தலையில் கட்டுகிறார்களே, அந்த ஏசி அறையை யாராவது புரோக்கர் கடை என்று எழுதினீர்களா? பேங்க்குகள் இன்சூரன்ஸைத் தவறாக விற்பதைப் பற்றி 2024-ல் நிதியமைச்சரே வெளிப்படையாகப் பேசினார். அங்கே விற்றவர் மறு வருஷம் வேறு ஊருக்கு மாறுதலாகிப் போய்விடுவார். நான் எங்கே போவேன்? காலையில் பால் வாங்கப் போனால் என் பாலிசிதாரர்தான் பால் ஊற்றுகிறார். ஏமாற்றிவிட்டு அந்தக் கடையில் நிற்க முடியுமா?

"டெர்ம் எடு, மிச்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடு." இந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். டெர்ம் என்றால் குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் வருகிற பாலிசி. எண்டோமெண்டில் கடைசியில் 5, 6 சதவீதம்தான் நிற்கும், கணக்கு சரி. வாத்தியார்களிடமும் அரசு வேலையில் இருப்பவர்களிடமும் டெர்ம் எடுங்கள் என்று நானே சொல்கிறேன். அவர்கள் திருப்பிக் கேட்பது, "ஒண்ணும் ஆகலைன்னா காசு திரும்ப வருமா?" வராது என்றால் முகம் மாறிவிடும். சனிக்கிழமை கூலி வாங்குகிற தறிக்காரர் கதை வேறு. டெர்முக்கு வருமானச் சான்று கேட்பார்கள். ஐடி ரிட்டர்ன் எங்கே, சம்பளச் சீட்டு எங்கே? அவருக்கு ஆப் "தகுதி இல்லை" என்று காட்டும். மாசம் 10 சதவீதம் வட்டி தருகிறேன் என்று வருகிறவனுக்கு மட்டும் எந்தச் சான்றும் வேண்டாம், அவன் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டு போவான். அவன் கைக்குப் போயிருக்க வேண்டிய காசை 5 சதவீதத்திலாவது காப்பாற்றி வைத்தது என்ன என்று பெங்களூரில் இருந்து பார்த்தால் தெரியாது.

ஆன்லைனில் எடுத்தால் விலை குறைவு என்பதும் உண்மைதான். விலை குறைவாக எடுத்தவர்கள் கிளெய்முக்கு எங்கே வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா?

எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. மாப்பிள்ளை படித்தவர், மாமனாருக்கு ஆன்லைனில் பாலிசி எடுத்துக் கொடுத்தார். "அத்தை, உங்ககிட்ட போடலைன்னு வருத்தப்படாதீங்க" என்று என்னிடமே சொன்னார், நானும் வருத்தப்படவில்லை. மூணு வருஷம் முடிவதற்குள் மாமனார் மாரடைப்பில் போய்விட்டார். மூணு வருஷம் தாண்டிவிட்டால் அதே இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அதற்குள் என்றால் தோண்டுவார்கள். பழைய சிகிச்சைக் காகிதம் எல்லாம் கேட்டு கம்பெனியிடமிருந்து மெயில் மேல் மெயில். மாப்பிள்ளை கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. கடைசியில் அந்தக் காகிதக் கட்டோடு வந்து நின்றது என் வீட்டு வாசலில். என் பாலிசி இல்லை, என் கம்பெனியும் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறையில் கால் கடுக்க நின்று டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கினேன், டாக்டரிடம் சான்று எழுதி வாங்கினேன், கேட்ட கேள்விக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக் கொடுத்தேன். பணம் வந்தது. பெட்ரோல் காசு கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

"சேவை என்றால் காசு எதிர்பார்க்கக் கூடாது" என்று ஒருவர் குரூப்பில் அந்தப் பதிவின் கீழே கமெண்ட் போட்டிருந்தார். அவர் ஆடிட்டர். அவர் சேவைக்கு என்ன பில் போடுவார் என்று எனக்குத் தெரியும்.

2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. டெர்முக்கும் ஹெல்த்துக்கும் இருந்த 18 சதவீதம் போனது, நல்லது, ஜனங்களுக்கு லாபம். ஆனால் கம்பெனி தன் செலவுகளுக்குக் கட்டுகிற ஜிஎஸ்டியை இனி கழித்துக்கொள்ள முடியாது, அதனால் விழுந்த நஷ்டத்தைச் சில இடங்களில் எங்கள் கமிஷனில் கழித்தார்கள். அதைப் பற்றி எனக்கு எந்த வீடியோவும் வரவில்லை. ஏன் வரும், புரோக்கர்தானே.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன மாசம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து இலையில் தெரிந்தவர் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும், "அம்மா, சாப்பிடும்போதாவது பாலிசி பேசாதீங்க" என்று சத்தமாகச் சொன்னார். பந்தியே சிரித்தது. நான் வாயே திறக்கவில்லை. ரசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன். வீட்டில் என் மகள், "ஏம்மா, பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம்ல?" என்றாள். என்ன கேட்பது? அவர் வீட்டில் மூணு பாலிசி என்னிடம் ஓடுகிறது. கேட்டால் நாளைக்குக் கட்டமாட்டார், நஷ்டம் அவர் பெண்டாட்டிக்கு.

சிலர் இந்நேரம், "நீங்க நல்லவங்கதான், பொதுவா சொன்னோம்" என்று கமெண்ட் எழுத ஆரம்பித்திருப்பீர்கள். பொதுவாகச் சொன்னது தனியாக வந்து குத்துகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

அப்புறம் அந்த இதயக்குறி. பக்கத்துத் தெரு மாப்பிள்ளையும் போட்டிருந்தார். இப்போது அவசரமாகப் போய் எடுக்க வேண்டாம், அட்மின்தான் பதிவையே எடுத்துவிட்டாரே. அந்தக் கம்பெனி திருப்பி அனுப்பிய ஒரிஜினல் இறப்புச் சான்றிதழ் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

வியாழன் வரை ஊரில் இல்லை. பிரீமியம் ரசீது வேண்டுபவர்கள் வாட்ஸ்அப்பில் கேளுங்கள், போன் வேண்டாம்.