மியூசியமும் வேண்டாம், ரிசார்ட்டும் வேண்டாம்

பழைய கட்டடம் ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் நம்மிடம் இரண்டே யோசனைதான். சர்க்கார் கட்டடமா, மியூசியம் ஆக்குங்கள். செட்டிநாட்டு வீடா, ஹோட்டல் ஆக்குங்கள். எனக்கு இரண்டிலும் பெரிய உடன்பாடில்லை. காவலர் மட்டும் உட்கார்ந்திருக்கிற மியூசியங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. ரிசார்ட் ஆகிப்போன வீட்டுக்குள் அந்தத் தெருக்காரரே ஒரு காபி குடிக்கப் போகமுடியாது, விலை அப்படி. ஒரு கட்டடம் பிழைக்க வேண்டுமானால் காலையில் அதன் பூட்டைத் திறக்க ஆள் வரவேண்டும், நாலு பேருக்கு அங்கே ஏதாவது ஜோலி இருக்கவேண்டும். மழையில் கூரை ஒழுகினால் அன்றைக்கே யாராவது கத்த வேண்டும்.

சென்னை சேப்பாக்கம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1768-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டியது. 1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி பட்டத்தையே ஒழித்துவிட, அரண்மனை சர்க்கார் கைக்குப் போனது. அப்புறம் நூற்றைம்பது வருஷமாக அது ஆபீஸ்தான். கிண்டி பொறியியல் கல்லூரிகூட 1920-இல் கிண்டிக்குப் போகும்வரை இந்த வளாகத்தில்தான் இருந்தது. 2012 ஜனவரியில் அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மஹால் தீப்பிடித்து எரிந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரை இடிந்து, சுவர்கள் கரிந்து நின்ற அந்தக் கோலத்தைப் பார்த்தவர்கள் இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்பிலேயே மீட்டுக் கட்டியது. இன்றைக்கு உள்ளே நடப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. ஏரி ஆக்கிரமிப்பு, ஆலைக்கழிவு வழக்கெல்லாம் நவாப் அரண்மனையில் விசாரணைக்கு வருகிறது. பக்கத்து ஹுமாயூன் மஹாலையும் அப்புறம் மீட்டார்கள்.

மெரினா பக்கம் டிஜிபி அலுவலகமும் அப்படித்தான். 1839-இல் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தின் மன்றமாகக் கட்டியது. 90-களின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டுப் பலமாடி கட்டுவதாக இருந்தார்கள். பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தது. அந்த வெள்ளைத் தூண்களுக்குப் பின்னால் இன்றும் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் பார்க்க அண்ணா சாலை போங்கள். பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-இல் ஒரு மருந்துக் கம்பெனிக்காக எழுப்பியது. எல்ஐசி 2006-இல் இடிக்க ஆரம்பிக்க, உயர் நீதிமன்றம் தடுத்தது. 2010-இல் இடிக்கக் கூடாதென்று தீர்ப்பும் வந்தது. சரி, அப்புறம்? தீர்ப்பு இடிப்பை நிறுத்தியதே தவிர, உள்ளே ஓர் ஆளைக்கூட உட்கார வைக்கவில்லை. இடிக்காமல் வைத்திருப்பதையே காப்பாற்றுவது என்று நம்புகிறவர்களோடு நான் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். பூட்டி வைப்பதும் இடிப்புதான், கொஞ்சம் மெதுவாக.

பழசு மேல் பாசம் இல்லாதவர்களுக்கு வேறொரு கணக்கு. உலகம் வெளிவிடும் கார்பன்-டை-ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. நிற்கிற கட்டடத்தில் செங்கல் ஏற்கெனவே வெந்தாயிற்று, தேக்கு ஏற்கெனவே வெட்டியாயிற்று. அதையெல்லாம் லாரியில் அள்ளி ஏதோ ஓர் ஏரிக்கரையில் கொட்டிவிட்டு, புதுசாகக் கான்கிரீட் போட்டு, கண்ணாடி ஒட்டி, அதைக் குளிரவைக்க நாள் முழுக்க ஏசி ஓட்டி, கூரையில் நாலு சோலார் தகடு வைத்துவிட்டால் ‘கிரீன் பில்டிங்’ என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். இரண்டடிச் சுவரும் பதினைந்தடி உயரமும் சுற்றி வராந்தாவும் உள்ள கட்டடத்துக்கு அந்தப் போர்டை யாரும் தருவதாகத் தெரியவில்லை.

ஆனால் பழுது பார்க்கிறேன் என்று போய் சிமெண்டை அப்பினால் கதை கெட்டது. கும்பகோணம் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டில் திண்ணைச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசினார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ரெண்டு ஐப்பசி மழை கழித்துத் தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்றது. நெம்பினால் பூச்சு ஒரே பலகையாகக் கையோடு வந்தது. பின்னால் செங்கல், விரல் வைத்தால் ஈர மாவு. “செவுரு வேர்க்கணும் தம்பி, அத மூடிட்டீங்க” என்றார் பழைய கொத்தனார். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. உப்பும் ஈரமும் உள்ளேயே சுற்றிச் செங்கல்லைத் தின்னும்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றிப் புளிக்கவைக்க வேண்டும், மணலோடு அரைக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றவேண்டும். மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் இன்னும் நாளாகும். கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்திவைத்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நம் டெண்டர் முறையோ குறைந்த தொகை கேட்டவருக்கே வேலையைத் தருகிறது, மார்ச்சுக்குள் பில் போடச் சொல்கிறது. அந்த அவசரத்தில் சிமெண்ட் மூட்டைதான் முதலில் வந்து இறங்கும்.

கழிப்பறை எங்கே வைப்பது, சக்கர நாற்காலி எப்படி ஏறும், வயரிங் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். பழைய சுவரைக் குடையாமல், பின்பக்கம் தனியாக ஒரு புதுக் கட்டு எழுப்பி, கழிப்பறையையும் லிஃப்டையும் அதில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பகுதி புதுசாகவே தெரியட்டும், போலித் தூண் எதற்கு?

தனியார் வீடுகள் பாடுதான் கஷ்டம். எட்டுப் பங்காளி, அதில் மூன்று பேர் வெளிநாட்டில். சதுர அடி விலை ஏறுகிற ஊரில் தாத்தா வீட்டைச் சும்மா வைத்திரு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதி கொண்டுவந்து, அங்கே கட்டமுடியாத பரப்பை வேறிடத்தில் கட்ட உரிமையாக மாற்றி விற்க வழி செய்தார்கள். இங்கேயும் அப்படிக் கையில் காசு வந்தால்தான் வீடு நிற்கும். வராதவரை காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குத் தூணும் கதவும் தனித்தனியாக வந்துகொண்டேதான் இருக்கும்.

சர்க்கார் கட்டடத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஊருக்கு ஊர் செங்கல்லும் ஓடுமாக ஒரு பழைய தாலுகா ஆபீசோ சார்பதிவாளர் அலுவலகமோ நிற்கிறது. அதை இடிக்க எஸ்டிமேட் போடும்போதே, பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்றும் ஒன்று போட்டுப் பக்கத்தில் வைக்கவேண்டும். இடிபாட்டை அள்ளும் செலவையும் சேர்த்து. எங்கள் தாலுகா ஆபீசுக்கு அப்படி ஒன்று போட்டார்களா என்று கேட்டுத் தகவல் உரிமை மனு அனுப்பப் போகிறேன், பத்து ரூபாய் வில்லை ஒட்டினால் போதும். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன். உங்கள் ஊரில் எந்தக் கட்டடம், இப்போது அதில் என்ன நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். போட்டோ இருந்தால் அதையும்.