ஆல்ரெடி எல்லாம் ஏற்கெனவே அல்ல

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ‘இடியாப்பம் ஏற்கெனவே முடிந்தது’ என்று எழுதி ஒட்டினால் வயிறு எரிகிறது. எதற்கு முன்பே முடிந்தது? ‘முடிந்துவிட்டது’ என்றாலே போதுமே! செயல் முற்றுப்பெற்றதைக் காட்டத்தான் தமிழில் ‘விடு’ என்ற துணைவினை இருக்கிறது.

ஆங்கில ‘ஆல்ரெடி’ (already) வரும் இடமெல்லாம் ‘ஏற்கெனவே’ போடும் இந்தக் குழப்பத்தின் வேர் நம் மலேசிய ஆங்கிலம். மலாயில் ‘சுடா’ (sudah), பினாங்குச் சீனர் பேசும் ஹொக்கியனில் ‘லியாவ்’. இரண்டும் செயல் முடிந்ததையோ நிலை மாறியதையோ சொல்பவை. அந்த வேலையை இங்கே ‘ஆல்ரெடி’ தலையில் கட்டிவிட்டோம். ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்றால் ‘சாப்பிட்டுவிட்டேன்’, அவ்வளவுதான். பேச்சில் அது அழகுதான், குறையே இல்லை. அதை அப்படியே தேர்வுத்தாளில் எழுதினால்தான் மதிப்பெண் போகும். அங்கே ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்று ‘ஹேவ்’ சேர்த்து, அதற்கும் வினைக்கும் நடுவில் ‘ஆல்ரெடி’யை வைப்பதே வழக்கம்.

பொது ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் என்ற சாயலும் உண்டு. ‘இஸ் இட் சிக்ஸ் ஆல்ரெடி?’ என்பதற்கு ‘அதற்குள் ஆறு மணி ஆகிவிட்டதா?’ என்பதே தமிழ். ‘ஏற்கெனவே ஆறு மணியா?’ என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்? ‘ஏற்கெனவே’ வேண்டிய இடம் வேறு: ‘இந்தப் படிவத்தை ஏற்கெனவே கொடுத்தேனே, மறுபடியும் ஏன் கேட்கிறீர்கள்?’ முன்பு நடந்தது இப்போதைய பேச்சைத் தொடும்போது மட்டும் அதை எடுங்கள்.