பார்க்குக்குப் பிள்ளைகளோடு போனால் முதலில் தரையைப் பாருங்கள்

சென்னையில் ஒரு பார்க்கில் புதுச் சறுக்கு மரம் வந்தால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, சிவப்பும் மஞ்சளுமாகப் படங்களும் வரும். அதன் அடியில் எத்தனை அங்குலம் மணல் போட்டார்கள் என்று யாரும் படம் எடுப்பதில்லை. விளையாட்டுச் சாமானைவிட அதன் கீழே இருக்கும் தரைதான் முக்கியம் என்பது என் கருத்து. பிள்ளை விழுவதைத் தடுக்க முடியாது, விழாத பிள்ளை விளையாடவே இல்லை என்று அர்த்தம். எதன் மேல் விழுகிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

பனகல் பார்க், நடேசன் பார்க், லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பார்க், சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்கா என்று நகரத்தின் நடுவில் இருக்கும் எந்தப் பார்க்குக்குப் போனாலும், உள்ளே நுழைந்ததும் பிள்ளையின் கையை விடுவதற்கு முன் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலுக்கு அடியில் செருப்பு முனையால் கிளறிப் பாருங்கள். மணல் தளர்வாக இருக்க வேண்டும். மண்வெட்டி தேவைப்படும் அளவுக்கு இறுகியிருந்தால் அதுவும் சிமென்ட்டும் ஒன்றுதான். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டிடக் கையேடு சொல்லும் கணக்கு இது: 9 அங்குலம் மணல் இருந்தால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத்தான் தாங்கும். மணல் அமுங்கும் என்பதால் போடும்போதே 12 அங்குலம் போட வேண்டும். நம் ஊரில் 5 அடி மேடை வைத்த சறுக்கு மரம் சர்வசாதாரணம். கீழே பேவர் பிளாக்!

மணல் போட்ட இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஊஞ்சலுக்கு நேர் கீழே பிள்ளைகள் காலால் உந்தி உந்தி மணல் இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும். சறுக்கு மரம் முடியும் இடத்திலும் இதே கதை. ஆக, மணல் மிக அதிகமாகத் தேவைப்படும் இரண்டு இடங்களில்தான் அது இருக்காது, குழிதான் இருக்கும். கம்பத்தைப் பிடித்து நிறுத்திய கான்கிரீட் கட்டி தலை நீட்டிக்கொண்டிருந்தால் மணல் பல மாதமாக நிரப்பப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். காலாலேயே ஓரத்து மணலை உள்ளே தள்ளி மூடிவிட்டு ஆடவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை. மழைக்காலத்தில் அந்தக் குழி குட்டையாகிவிடும். பனகல் பார்க்கும் நடேசன் பார்க்கும் இருக்கும் தி.நகரே ஓர் ஏரியை வடித்து 1920களில் எழுப்பிய இடம், ஐப்பசி கார்த்திகையில் அங்கே தண்ணீர் தேங்குவதில் ஆச்சரியம் என்ன?

ரப்பர் தளம் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் சித்திரை மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அதன் மேல் வெறுங்காலோடு நின்று பார்க்க வேண்டும். கருப்பும் அடர்நிறமும் வெயிலை அப்படியே குடித்துவைத்திருக்கும். செயற்கைப் புல்லும் அப்படித்தான். பிளாஸ்டிக் சறுக்கு சுடாது என்பது இன்னொரு மூடநம்பிக்கை, தகரச் சறுக்கு அளவுக்குச் சுடாது, அவ்வளவே. புறங்கையை வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் பிள்ளையின் தொடைக்கு அது ஆகாது. மேற்கு பார்த்த சறுக்கு மாலை ஐந்துக்குக்கூடச் சூடாகவே இருக்கும். நல்ல தூங்குமூஞ்சி மர நிழல் பத்தடி தள்ளிச் சும்மா கிடக்க, வெட்டவெளியில் கொண்டுபோய்ச் சாமானை நடுகிறவர்களை என்ன சொல்ல?

ஊஞ்சலில் சங்கிலியைவிடக் கொக்கியைப் பாருங்கள். கொக்கியின் வாய் மூடியிருக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்குத் திறந்திருந்தால் துப்பட்டாவோ கவுனின் நாடாவோ அதில் மாட்டும், ஒருநாள் சங்கிலியே கழன்றும் வரும். கொக்கி உரசும் இடத்தில் இரும்பு பாதி தேய்ந்திருந்தால் அந்த ஊஞ்சல் வேண்டாம். பெரியவர்கள் இரவில் உட்கார்ந்து ஆடுவதால்தான் இந்தத் தேய்மானம் இவ்வளவு சீக்கிரம் வருகிறது, இதையும் சொல்லத்தான் வேண்டும். ஊஞ்சலின் மேல் கம்பி 7 அடி உயரத்தில் இருந்தால், முன்னால் 14 அடி, பின்னால் 14 அடி யாரும் குறுக்கே ஓடக் கூடாது. நம் பார்க்குகளில் அந்த இடத்துக்குள்தான் நடைபாதையும் சிமென்ட் பெஞ்சும் இருக்கும். அதனால் கூட வந்த பெரியவர் ஒருவர் ஊஞ்சலுக்குப் பின்னால் நின்று தள்ளுவதைவிட, பக்கவாட்டில் நின்று குறுக்கே ஓடிவரும் குட்டிகளைப் பிடிப்பதுதான் பெரிய உதவி.

சறுக்கு மரத்தில் பெரியவர்கள் அன்பால் செய்யும் தவறு ஒன்று. ஒன்றரை வயதுக் குழந்தை பயப்படுகிறது என்று மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவார்கள். குழந்தையின் கால் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பெரியவரின் எடையோ நிற்காமல் கீழே போகும், கால் முறுக்கிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியாக வந்தால் கால் ஒட்டினாலும் குழந்தை நின்றுவிடும், எடை குறைவு. எனவே தனியாகச் சறுக்கத் தெரியாத வயதில் சறுக்கு மரமே தேவையில்லை. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். மூன்றரை அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குக் கீழ் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டும்.

சீசாவின் இரண்டு முனைக்கும் கீழே பாதி புதைத்த பழைய டயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிரே இருப்பவன் திடீரென்று குதித்து இறங்கும்போது அடி முதுகெலும்பில் இறங்கும். ராட்டினம் முழுசாக நின்ற பிறகுதான் இறங்க வேண்டும், இதை ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் மேல். பெரியவர்களுக்காக வைத்தவை. ஆனால் விளையாட்டுச் சாமானுக்கு ஒட்டினாற்போல, அதே நிறத்தில் வைக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். காற்றில் நடப்பதுபோல் கால் வீசும் கருவியில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்க, இன்னொரு குழந்தை குறுக்கே போனால் அந்த இரும்பு மிதி சரியாக நெற்றி உயரத்தில் வரும். இருக்கையை மேலே தூக்கும் கருவியின் மூட்டில் விரல் நசுங்கும். நடுவில் இடுப்புயர வேலி ஒன்று போதும், அதற்கு எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

நேரம் பற்றி: மதியம் பூட்டிவிடும் வழக்கம் பல பார்க்குகளில் இருந்தது. உச்சிவெயிலில் நிழல் தேடி வருகிறவனுக்குக் கதவை அடைப்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை. ஆனால் கதவு திறந்தே இருந்தாலும் நாள் முழுக்கப் பார்க்கில் என்று திட்டம் போடாதீர்கள். காலை ஆறரைக்குப் போய் ஒன்பதுக்குள் வந்துவிடுவது நல்லது, மாலை என்றால் நாலரைக்கு மேல். பனகல் பார்க் பக்கம் போகிறவர்கள் மெட்ரோ வேலைக்கு வாசல் ஏதும் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா என்று வந்தவுடனே பாருங்கள், சாவி காவலாளியிடம் இருக்கும். அவசரம் வந்தபின் தேடினால் கிடைக்காது.

சாப்பாட்டுக்கு, உள்ளே அனுமதித்தால், தயிர்சாதம்தான். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, இரண்டரை டம்ளர் காய்ச்சிய பால் ஊற்றி, ஆறியபின் இரண்டு கரண்டி தயிர் மட்டும். சில மணி நேரத்தில் தானே தயிர்சாதமாகும், புளிக்காது. வெங்காயம் வேண்டாம். குடிக்கத் தவிர, கை கழுவ மட்டும் தனியாக ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். மணலும் துருவும் ஒட்டிய கையைச் சானிடைசர் சுத்தம் செய்யாது. வாசலில் ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாய் விற்றால் வாங்காதீர்கள். ரோடமைன் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடைசெய்தது. சுண்டல் வாங்கலாம், ஆவி பறந்தால்.

முட்டி சிராய்த்தால் ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவுங்கள். காப்பித்தூள் அப்பாதீர்கள். தலையில் அடிபட்டுத் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ வழக்கமில்லாத தூக்கம் வந்தாலோ வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரி.

உடைந்த சாமானைக் கண்டால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். "பார்க் சரியில்லை" என்று சொன்னால் குப்பை பெருக்கிவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள். "இந்தப் பார்க், தெற்கு வாசல் பக்கம், இரண்டாவது ஊஞ்சல், இடது கொக்கி பாதி தேய்ந்திருக்கிறது, அடியில் மணல் இல்லை" என்று சொல்லுங்கள். கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தையும் குழிக்குள் ஓர் அடி ஸ்கேலையும் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த ஞாயிறு அதே கொக்கியைப் போய்ப் பாருங்கள்.