வருவீர்களா, மாட்டீர்களா?

எங்கள் திருமணத்தை வீட்டிலேயே, எங்கள் கைகளாலேயே நடத்த முடிவு செய்திருக்கிறோம். அழைப்பிதழ்களை நானே வெட்டி, ஒட்டி, எழுதினேன். அலங்காரத்துக்கான துணியைத் தைத்தாகிவிட்டது. இந்த வேலையில் எதுவும் எனக்குச் சுமையாக இல்லை. என்னை வாட்டுவது ஒரே கேள்விக்குக் கிடைக்காத பதில்: வருகிறீர்களா, எத்தனை பேர்?

"பார்க்கலாம்", "முயற்சி செய்கிறேன்" என்கிறார்கள். சிலர் செய்தியைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். பெரிய மண்டபத்தில் 20 பேர் கூடினாலும் குறைந்தாலும் சமாளித்துவிடலாம். எங்களால் முடியாது. சாப்பாடு, நாற்காலி, தட்டு, குடிநீர், ஏன், கழிப்பறை வசதிகூட, எல்லாமே தலைக்கணக்கில்தான் நிற்கிறது. 60 பேருக்குச் சமைத்து 80 பேர் வந்தால், கடைசிப் பந்தியில் உட்காருபவர் பசியோடு எழுந்து போவார். 80 பேருக்குச் சமைத்து 50 பேர் வந்தால், மாதக்கணக்கில் சேர்த்த பணம் குப்பைக்குப் போகும். பூ வாங்குவதை ஓரளவு தள்ளிப்போடலாம். நாற்காலி வாடகைக்கு முன்பே எண்ணிக்கை சொல்லியாக வேண்டும்.

வர இயலாதென்றால் எனக்குக் கோபமே வராது. உண்மையில் நிம்மதியாக இருக்கும். நேற்று ஓர் உறவினர், "நாங்கள் 4 பேர், கூட இன்னும் 3 பேர் வரக்கூடும்" என்றார். யார் அந்த மூவர் என்று கேட்டதற்கு வருத்தப்பட்டுக்கொண்டார். நான் கேட்காமல் வேறு யார் கேட்பது?