அறப்பணிதான், சம்பளம் எங்கே?

ஆசிரியர் சம்பளம் என்று பேச்செடுத்தால் போதும், "வாத்தியாருக்கென்ன, லட்ச ரூபாய் சம்பளம், வருஷத்தில் பாதி நாள் லீவு" என்று கமெண்ட்டில் ஒருவர் வந்துவிடுவார். முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை நினைத்துக்கொண்டு சொல்வது அது. அரசுப் பள்ளியிலேயே எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2012-ல் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லிக்கொடுக்க எடுத்த பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அப்போது மே மாதம் அதுவும் கிடையாது. இடைநிலை ஆசிரியர்களில் 2009 மே வரை சேர்ந்தவருக்கு அன்றைக்கு அடிப்படை ஊதியம் 8,370, ஜூன் முதல் தேதிக்குப் பிறகு சேர்ந்தவருக்கு 5,200. வேலை அதே வேலைதான். சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகம் இருக்கும் டிபிஐ வளாகத்தில் இவர்கள் பலமுறை உண்ணாவிரதம் இருந்துவிட்டார்கள்.

அவர்களுக்குப் போய் உட்கார ஓர் இடமாவது இருக்கிறது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு அதுவும் இல்லை. நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி. நானும் சில வருஷம் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள்தான்.

எங்கள் வகுப்பறைகளில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடத்த மாட்டோமாம். ஃப்ரீ பீரியட் என்று டைம்டேபிளில் இருக்கும். லீவு போட்ட டீச்சரின் வகுப்புக்குப் போகச் சொல்லி காலையிலேயே சப்ஸ்டிட்யூஷன் நோட்டு வந்து அதைத் தின்றுவிடும். மிட்டெர்ம் முடிந்தால் நான்கு செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நாற்பது பேர், 160 விடைத்தாள். கணக்கில் விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, அதனால் வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். ஒரு தாளுக்கு ஐந்து நிமிஷம் என்றாலும் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல். அது அத்தனையும் வீட்டில், அடுப்பை அணைத்த பிறகு. நடுவில் வாட்ஸ்அப்பில் "மிஸ், என் பையனுக்கு ஏன் அரை மார்க் குறைச்சீங்க?" என்று ஒரு அப்பா. ஏப்ரலில் கையில் நோட்டீஸைக் கொடுத்து அட்மிஷன் பிடிக்கத் தெருத்தெருவாக அனுப்புவார்கள். பி.எட். முடித்தவள் வெயிலில் கதவு தட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று நினைத்துக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு.

சம்பளம்? பட்டதாரி ஆசிரியருக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் தரும் பள்ளிகள் இன்றைக்கும் சிறு ஊர்களில் நிறைய.

"பிடிக்கவில்லை என்றால் வேறு பள்ளிக்குப் போக வேண்டியதுதானே?" போகலாம். ஒரிஜினல் சர்டிபிகேட் கரஸ்பாண்டென்ட் அறை பீரோவில் இருக்கிறது. நம் பிள்ளையும் அதே பள்ளியில் ஃபீஸ் சலுகையில் படிக்கிறது. இந்த இரண்டு பூட்டு போதும், நடு வருஷத்தில் யாரும் நகர மாட்டார்கள்.

"ஆசிரியப் பணியே அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணி" என்று மேடையில் முழங்குகிறோம் அல்லவா, சட்டமும் கிட்டத்தட்ட அதையே சொல்லி நம்மைக் கைவிட்டிருக்கிறது. ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல, தொழில் தகராறு சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1988-ல் சொன்னது. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் ஆசிரியர் வர மாட்டார் என்று 1996-ல் சொன்னது. அந்தப் பள்ளியின் வாட்ச்மேனுக்குக் கேட்க ஒரு சட்டம் இருந்தது, வகுப்பெடுப்பவருக்கு இல்லை. மரியாதையைக் கொடுத்துவிட்டுக் காசைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கத் தமிழ்நாட்டில் 2009-ல் சட்டம் வந்தது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைந்தது. பள்ளி தன் செலவுக் கணக்கைக் காட்டித்தான் ஃபீஸ் வாங்குகிறது. அதில் பெரிய செலவு ஆசிரியர் சம்பளம். ஆனால் ரெஜிஸ்டரில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கவரில் வேறு தொகை என்பது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. அதாவது எங்கள் பெயரில் உங்களிடம் வாங்கும் பணம் எங்களிடம் வருவதில்லை. பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஏ.சி. வகுப்பறை எப்போது வரும் என்று கேட்கிறீர்கள். டீச்சர் சம்பளம் பன்னிரண்டு மாதமும் முழுதாக பேங்கில் ஏறுகிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது, உங்களைப் பள்ளி ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், டீச்சர்களுக்கு ஒரு தகவல். வேலையை விடும்போது சர்வீஸுக்காக நிர்வாகம் தர வேண்டிய கிராஜுவிட்டி நமக்கும் உண்டு. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதலே செல்லும் என்று ஆசிரியர்களைச் சேர்த்தார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போட்ட வழக்கை 2022-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஒரே பள்ளியில் ஐந்து வருஷம் முடித்திருந்தால் கேட்கலாம். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை (அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும்) 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை சர்வீஸ் வருஷத்தால் பெருக்குங்கள். பன்னிரண்டாயிரம் சம்பளம், பத்து வருஷம் என்றால் சுமார் 69,230 ரூபாய். நிர்வாகம் தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். வேலையை விடும் முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.