அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி

நேற்று முன்தினம் இரவு நம் தமிழ்க் கணினிக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதிவு எதைப் பற்றி என்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் போய்த் தேட வேண்டாம். அந்த அம்மாவே பதிவை அழித்துவிட்டுக் குழுவை விட்டும் போய்விட்டார். ஆறப்போட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆறவில்லை.

அவர் கேட்டது இவ்வளவுதான். "என் கணவர் எழுதி வைத்த கோப்பு. புதுக் கணினியில் திறந்தால் தமிழைக் காணோம், ஆங்கில எழுத்தாக வருகிறது. திரும்பக் கிடைக்குமா?" கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். முதல் பதில், "இன்னுமா பாமினி?" பாமினி என்பது ஒரு பழைய தமிழ் எழுத்துரு. இரண்டாவது, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று. மூன்றாவது, "கற்காலத்திலிருந்து ஒரு குரல்." அப்புறம் வழக்கம்போல லினக்ஸ்காரர்கள் வந்து லினக்ஸ் போடச் சொன்னார்கள். அவர்களை அடிக்க விண்டோஸ்காரர்கள் வந்தார்கள். முப்பதாவது மறுமொழிக்குள் அந்த அம்மா அங்கே நிற்பதையே மறந்துவிட்டு, எந்த இயங்குதளம் உசத்தி என்று ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி ஒன்று. திரும்பக் கிடைக்குமா? பதிலும் ஒரே சொல். கிடைக்கும். நூற்றுச் சொச்சம் மறுமொழிகளில் அந்த ஒரு சொல்லைத் தட்ட யாருக்கும் விரல் வரவில்லை.

சரி, இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் தமிழே கிடையாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். அந்த ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு. 'தமிழ்' என்று நாம் பார்ப்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. 'அம்மா' என்றால் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு இருக்கும் கணினியில் வேஷம் கட்டித் தமிழாக நிற்கும். இல்லாத கணினியில் வேஷம் கலைந்து ஆங்கிலமாக நிற்கும். அவ்வளவுதான் விஷயம். கோப்பு கெடவில்லை, வைரஸ் வரவில்லை, அந்த அம்மா எதையும் தவறாக அமுக்கிவிடவும் இல்லை. அந்த எழுத்துருவை நிறுவினால் அப்படியே தெரியும். நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமானால், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

இதை எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கிண்டலடித்தவர்களில் பாதிப் பேருக்கு இது என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

"இந்தக் காலத்திலும் யூனிகோடுக்கு மாறாமல் இருந்தால் கிண்டல் செய்யாமல் என்ன செய்வார்கள்?" என்று உள்பெட்டியில் ஒரு நண்பர் கேட்டார். மாறாமல் இருப்பவர் யார் ஐயா? எழுதியவர் காலமாகிவிட்டார். அவர் அதை எழுதியபோது என்ன நிலைமை? 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது உண்மைதான். ஆனால் நம் வீட்டுக் கணினியில் யூனிகோடுத் தமிழைப் பார்க்க விண்டோஸ் 2000, எக்ஸ்பி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஆளுக்கொரு குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்கிற கணக்கு. மின்னஞ்சலில் பேசிப் பேசியே உருவாக்கிய டிஸ்கி ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். இவை தவிர, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வேறு எழுத்துரு. யூனிகோடே தன் தரம் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது 2010-ல். அரசுக்கே அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து தன் கதையை எழுதிய ஒரு மனிதரைக் கற்காலம் என்கிறீர்கள்.

இன்றும் பழைய எழுத்துருவில் வேலை செய்கிற அச்சுக்கூடங்கள் உண்டு. அவர்கள் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் யூனிகோடுத் தமிழ் ஓடாது. பல வருட உழைப்பு அந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது. மாறச் சொல்வது சுலபம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாமினிக்குக் கொடி பிடிக்கிறான் என்பீர்கள். யூனிகோடுதான் சரி. பழைய எழுத்துருவில் இருப்பதைத் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைப் படித்தால் ஜே கே பி என்று உளறும். எனக்கு இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் யூனிகோடு சரி என்பதும், யூனிகோடு தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதும் ஒன்றா? தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றுகிற மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் கையால் தட்டித் தட்டி ஏற்றிய நூல்கள் முதலில் டிஸ்கியில்தான் இருந்தன. பிறகு யூனிகோடுக்கு மாற்றினார்கள். அவர்கள் யாரும் 'ஐயோ டிஸ்கியா' என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கணினியில் தமிழ் தட்ட உதவும் இ-கலப்பையும் என்எச்எம் ரைட்டரும் காசில்லாமல் நம் கைக்கு வந்தது எப்படி? யாரோ ராத்திரி கண் விழித்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆட்களின் பேரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் பொம்மை ஒட்டுகிறோம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. இத்தனை கோபம் ஏன் வருகிறது என்று யோசித்துப் பார்த்தால் அங்கேதான் போய் நிற்கிறது.

அப்போது இரண்டு வருடமாக ஒரு மொழிபெயர்ப்புச் செய்துகொண்டிருந்தேன். கணினி படுத்துவிட்டது. சரிசெய்யக் கொடுத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு வாங்கி வந்தேன். கோப்பெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றார்கள். திறந்து பார்க்கிறேன், பக்கம் பக்கமாக ஆங்கிலக் கிறுக்கல். இரவு பதினோரு மணி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். ஏதோ பட்டனை அமுக்கி நானே அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் தெரிந்தவர் ஒருவர் மூலமாக, முன்பின் தெரியாத ஒருவரின் எண் கிடைத்தது. பயந்துகொண்டேதான் கூப்பிட்டேன். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குறுக்கிட்டார். "பதறாதீங்க. உங்க எழுத்து எங்கேயும் போகலை. எழுத்துருதான் போச்சு." அதற்குப் பிறகுதான் எந்த எழுத்துரு, எங்கே கிடைக்கும், எந்தக் கோப்புறையில் போட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். முகம்கூடத் தெரியாது. இன்றைக்கு நான் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதில் அந்த மனிதருக்கும் பங்குண்டு.

அவர் அன்றைக்கு "இன்னுமா அந்த எழுத்துரு?" என்று கேட்டிருந்தால் அந்த மொழிபெயர்ப்பை அப்படியே விட்டிருப்பேன். நிச்சயமாக விட்டிருப்பேன்.

"கூகுளில் தேடினால் கிடைக்காதா?" இது அடுத்த அறிவுரை. எதைத் தேடுவார்? தேடுவதற்குப் பெயர் தெரிய வேண்டும். குறியாக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் குறியாக்கப் பிரச்சினை என்று எப்படித் தட்டுவார்? திரையில் இருக்கிற ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியையா? நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு வந்தால்தான் மருந்து சொல்வேன் என்கிற மருத்துவரை என்ன சொல்வீர்கள்? பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தானே குழுவுக்கு வந்தார்.

"ஏஐயிடம் கேட்கலாமே." கேட்கலாம். இந்தக் குழுவில் கேட்டதற்கு அது மேல் என்று எனக்கே இப்போது தோன்றுகிறது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

"எத்தனை தடவைதான் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது?" இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். எனக்கும் அலுத்திருக்கிறது. எக்செலில் தமிழ் ஏன் உடைகிறது என்று மாதம் ஒருவர் கேட்கிறார், நானும் சலித்துக்கொண்டேதான் பதில் எழுதுகிறேன். அலுத்தால் கடந்து போங்கள் என்கிறேன். அலுப்பில் பேசாமல் போகிறவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நின்று, ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, அதில் இருக்கிற விண்டோஸ் பதிப்பு வரைக்கும் கவனித்துக் கிண்டலடிக்க நேரம் இருந்ததே, அதைத்தான் கேட்கிறேன்.

தொழில்நுட்பத்தில் பெரிய பெரிய ஆட்களே வழுக்கி விழுகிற இடம் இது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியாக வந்தாலே ஐபோன் செயலிகள் முடங்கின, நினைவிருக்கிறதா? ஆப்பிள் அவசரமாக ஒரு புதுப்பிப்பை வெளியிட வேண்டியிருந்தது. அத்தனை பொறியாளர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே ஓர் எழுத்து இந்தப் பாடு படுத்தியிருக்கிறது. அந்த அம்மா தனியாக உட்கார்ந்து கோப்பைத் திறந்து பார்த்தவர்.

ஒருவர் மட்டும் உதவுகிற தோரணையில் எழுதியிருந்தார். "கன்வெர்ட்டரில் போட்டால் ஒரு நொடி வேலை, இதற்கு ஒரு பதிவா?" ஐயா நிபுணரே, ஒரு நொடி வேலை இல்லை. கோப்பில் தமிழுக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருந்தால் என்ன ஆகும் என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? மாற்றிக்கு இரண்டும் ஒன்றுதான். வேஷம் போட்ட ஆங்கிலம் எது, வேஷம் போடாத ஆங்கிலம் எது என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். சொல்லுக்குச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்துப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். அதுவும் போக, இறந்துபோன மனிதர் தன் வீட்டாருக்காக எழுதியதை, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இணைய மாற்றியில் கொண்டுபோய் ஒட்டச் சொல்கிறீர்கள். கணினியிலேயே நிறுவி ஓட்டுகிற மாற்றிகள் இருக்கின்றன. அதைச் சொல்லியிருக்கலாம்.

இந்த மாற்றி விஷயத்தை மட்டும் குழுவிலேயே எழுதினேன். அதற்குக் கிடைத்த பதிலையும் பார்த்திருப்பீர்கள். "தங்கிலீஷில் தட்டுகிற ஆளுக்கு எழுத்துருவைப் பற்றிப் பேச என்ன தகுதி?"

ஆமாம், நான் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித்தான் தமிழ் எழுதுகிறேன். தமிழ்99 நல்ல விசைப்பலகை. உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம், 'ம'வை இரண்டு தடவை அடித்தால் முதல் 'ம'வுக்குத் தானே புள்ளி வைத்துவிடும். அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. இரண்டு முறை பழக முயன்றேன், விரல் கேட்கவில்லை, விட்டுவிட்டேன். அதனால் என் தமிழில் ஏதாவது குறைந்துவிட்டதா? பதினைந்து வருடமாக இந்த விரலால்தான் எழுதுகிறேன். நீங்கள் பகிர்ந்து பாராட்டிய பதிவுகளும் இதே தங்கிலீஷில் தட்டியவைதான், மன்னிக்கவும். அந்த மறுமொழிக்கு நாற்பது விருப்பக்குறி. விருப்பம் போட்டவர்களில் மூன்று பேர் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிப்பார்கள் என்று தெரியும். யாரையும் நீக்கப்போவதும் இல்லை. ஆனால் பார்த்துவிட்டேன்.

பாருங்கள், அந்த அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்து என்னைப் பற்றிய புலம்பலாகிவிட்டது. இதைத்தான் அவர்களும் செய்தார்கள் என்று யாராவது சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பதிவை அழிக்கும் முன்பே அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தேன். நேற்று மதியம்தான் பதில் வந்தது. முதல் வரியிலேயே மன்னிப்பு. எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். "தெரியாம கேட்டுட்டேன் போல" என்றார். எழுத்துருவை நிறுவ வழி சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து, "முதல் பக்கம் தெரியுது" என்று மட்டும் எழுதினார். கொஞ்ச நேரத்துக்கு வேறு எதுவும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர் சம்மதத்தோடு யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம். அவர் கணவர் இயந்திரங்களோடு வேலை பார்த்தவர். தமிழுக்கு நடுவே பாகங்களின் பெயரை எல்லாம் ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கிறார். நான் பயந்ததுதான் நடந்தது. 'பம்ப்' என்கிற ஆங்கிலச் சொல், ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாத ஓர் இகரக் கொக்கியில் தொடங்கி, ர, அ என்று போய், மறுபடி ஒரு கொக்கியில் முடிந்திருக்கிறது. 41-ஆம் பக்கம் முழுக்க இப்படித்தான். அவர் ஒவ்வொரு சொல்லாகத் தாளில் குறித்து அனுப்புகிறார், நான் திருத்திக்கொண்டிருக்கிறேன். வால்வு, பேரிங், கேஸ்கெட் எல்லாம் முடிந்தது. ஒரு சொல் மட்டும் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. பழைய பம்புசெட் மெக்கானிக் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். பொம்மை வேண்டாம்.